மின்சிகரெட்டும் உஷ்ணத்தில் விளையும் இரசாயனப் பொருள்களும்

பேனாவைப் போன்றும், பென்டிரைவைப் போன்றும், உதட்டுச்சாயக் குப்பியைப் போன்றும் உருவமைந்த மின்சிகரெட்டுகள் சில ஆண்டுகளாகப் பள்ளி மாணவரின் பைகளிலும் அகப்பட்டு வருகின்றன. நமது நாட்டில் இவற்றின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை ஆகிய யாவும் 2019-ஆம் ஆண்டு முதல் சட்டத்தினால் தடை செய்யப்பட்டுள்ளன. எனினும் களவாகக் கொணரப்படுபவை கைமாறியே வருகின்றன. அவற்றைக் கண்டெடுக்கும் ஆசிரியரிடம் மாணவன் பெரும்பாலும் கூறும் சமாதானம் ஒன்றே: “சார், இதில் புகையிலை இல்லை, நெருப்பும் இல்லை. வெறும் பழவாசனைதானே?” கிராமங்களில் பணியாற்றும் சுகாதார ஊழியரை நோக்கி, பீடி குடிக்கும் பெரியவர் வேறொரு விதமாகக் கேட்கிறார்: “பீடியை விட்டு அதற்கு மாறிக்கொண்டால் நல்லதாமே?”

இவ்விரு கேள்விகளும் அலட்சியம் செய்யத்தக்கவை அல்ல. இவற்றில் ஓரளவு உண்மை கலந்திருக்கிறது; ஆதலின், வெறும் அதட்டலால் இவற்றுக்கு விடை கூறிவிட முடியாது. மின்சிகரெட்டின் புட்டியில் இருக்கும் பொருள்கள் எவை என்பது ஒரு கேள்வி. அவை சூடேறிய பின்னர் நுரையீரலுக்குள் புகும் பொருள்கள் எவை என்பது மற்றொரு கேள்வி. முதற் கேள்விக்குரிய விடையையே இரண்டாவதற்கும் விடையாகக் கொள்வதுதான் பொதுமக்களிடையே நிலவும் பெருந்தவறு. இத்தவறு எவ்வாறு நேர்கிறது, அதனைத் திருத்துவதற்கு இரசாயன விஞ்ஞானம் கூறுவது யாது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சாதனத்தின் அமைப்பு

புகையிலை இல்லாத சிகரெட் ஒன்றை ஆக்கும் எண்ணம் புதியதன்று. ஹெர்பர்ட் கில்பர்ட் என்னும் அமெரிக்கர் அத்தகைய சாதனம் ஒன்றுக்கு 1965-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். ஆயினும் அது சந்தையில் நிலைபெறவில்லை. இக்காலத்தில் பரவியுள்ள வகைக்கு வழிகோலியவர் சீன நாட்டு மருந்தியல் நிபுணராகிய ஹான் லிக் என்பவர். அவர் 2003-ஆம் ஆண்டில் தமது சாதனத்தை உருவாக்கினார்.

உருவத்தில் எத்துணை வேறுபாடு காணப்படினும், உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றே. மின்சாரம் அளிக்கும் லித்தியம் பாட்டரி, சூடேறும் உலோகக் கம்பிச்சுருள், சுருளுக்குத் திரவத்தை இழுத்துத் தரும் பஞ்சுத்திரி, திரவம் நிறைந்த சிறு கலம், வாயில் வைத்து உறிஞ்சும் முனை ஆகியவை அதன் உறுப்புகள். உறிஞ்சியவுடன் மின்சாரம் பாய்ந்து கம்பிச்சுருள் சூடேறுகிறது. திரியில் ஊறியுள்ள திரவம் ஆவியாகி வெளிப்படுகிறது.

திரவத்தின் பெரும்பகுதி கிளிசரின், புரோப்பிலீன் கிளைகால் என்னும் இரு பொருள்களாலானது. கிளிசரின் சோப்பிலும் இருமல் மருந்திலும் தோல்பூச்சிலும் சேர்வது. புரோப்பிலீன் கிளைகால் மருந்துகளிலும் சில உணவுப் பண்டங்களிலும் இடம்பெறுவது. இவற்றோடு நிகோட்டினும், மாம்பழம், புதினா, வெண்ணெய், இலவங்கப்பட்டை முதலியவற்றின் மணம் தரும் பொருள்களும் சேர்க்கப்படுகின்றன. பெயர்ப்பட்டியலை மட்டும் படிப்பவருக்கு அச்சம் தோன்றுவதற்கு இடமில்லை. பட்டியல் கூறாமல் விடுவது உஷ்ணத்தின் செயலையே.

‘ஆவி’ என்னும் சொல் தரும் மயக்கம்

மின்சிகரெட்டிலிருந்து வெளிவருவதை ‘ஆவி’ என்று வழங்குகின்றனர். ஆவி என்றதும் சளி பிடித்தவர் வேதுபிடிக்கும் வெந்நீரே நினைவுக்கு வருகிறது. அதனால் தீங்கற்றது என்ற எண்ணமும் உடன் எழுகிறது. விஞ்ஞான முறைப்படி இச்சொல் பொருந்துவதன்று. கொதிக்கும் கெண்டியின் மூக்கை உற்று நோக்கினால், மூக்கை ஒட்டிய சிறு இடைவெளியில் எதுவும் புலப்படாது. அங்கிருப்பதே உண்மையான நீராவி. சற்றுத் தள்ளி வெண்ணிறமாகத் தோன்றுவது, ஆவி குளிர்ந்து மாறிய நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். மின்சிகரெட்டின் வெண்மூட்டமும் அத்தகைய நுண்துளிக் கூட்டமே. ஆனால் அத்துளிகள் நீராலானவை அல்ல. கிளிசரின், கிளைகால், நிகோட்டின், மணப்பொருள் ஆகியவற்றோடு சூட்டில் புதிதாக விளைந்த பொருள்களும் அத்துளிகளில் கலந்துள்ளன.

இத்துளிகளுள் மிகப் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறியவை. மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடாமல் நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை செல்லக்கூடியவை. அக்காற்றறைகளை விரித்துப் பரப்பின் சுமார் 70 சதுர மீட்டர் பரப்பளவு கொள்ளும் என்பர். இரத்தத்துக்கும் காற்றுக்கும் இடையே மிக மெல்லிய சவ்வு ஒன்றே நிற்கும் இடம் அது.

உஷ்ணம் செய்யும் வேலை

வடை சுடும் எண்ணெயை அடுப்பில் மறந்து வைத்துவிட்டால் நேர்வது யாவரும் அறிந்ததே. எண்ணெய் புகைகிறது, கண் எரிகிறது, தொண்டை கமறுகிறது. அதே எண்ணெய் சற்று முன்வரை உண்ணத்தக்க பொருளாகவே இருந்தது. கண்ணை எரிக்கும் பொருள் எண்ணெயில் ஏற்கெனவே மறைந்திருந்ததன்று; மிகையான சூட்டில் எண்ணெய் சிதைந்தபோது புதிதாக உண்டானது. அப்பொருள்களுள் தலையாயது அக்ரோலீன் என்பது.

பள்ளி இரசாயனக் கூடத்தில் கொழுப்பைக் கண்டறியும் ‘அக்ரோலீன் சோதனை’யை நடத்திக் காட்டிய ஆசிரியர்கள் இதனை நன்கு அறிவர். கொழுப்பைப் பொட்டாசியம் பைசல்பேட்டுடன் சேர்த்துச் சூடாக்கும்போது, கொழுப்பிலுள்ள கிளிசரின் நீரை இழந்து அக்ரோலீனாக மாறுகிறது. மூக்கைத் துளைக்கும் நெடியே அதற்கு அடையாளம். இதன் கணக்கு எளியது. ஒரு கிளிசரின் மூலக்கூறில் 3 கார்பன், 8 ஹைட்ரஜன், 3 ஆக்ஸிஜன் அணுக்கள் உள்ளன. அதிலிருந்து இரண்டு நீர் மூலக்கூறுகளை, அதாவது 4 ஹைட்ரஜன் அணுக்களையும் 2 ஆக்ஸிஜன் அணுக்களையும், கழித்தால் எஞ்சுவது 3 கார்பன், 4 ஹைட்ரஜன், 1 ஆக்ஸிஜன். எஞ்சிய அதுவே அக்ரோலீன். மேலே கூறிய பெயர்ப்பட்டியலில் அக்ரோலீன் இல்லை. ஆனால் அக்ரோலீன் ஆவதற்கு வேண்டிய யாவும் இருக்கின்றன.

அக்ரோலீன் சுவாசக்குழாயின் உட்புறத்தை அரிக்கும் பொருள். தூசியையும் கிருமிகளையும் மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றும் நுண்ணிய மயிரிழைகளின் அசைவை அது கெடுக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2020-ஆம் ஆண்டில் கூட்டிய நிபுணர் குழு, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் வாய்ப்பு மிகுந்த பொருள்களின் வரிசையில் இதனைச் சேர்த்தது.

புரோப்பிலீன் கிளைகாலும் கிளிசரினும் மிகையாகச் சூடேறும்போது பார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு என்னும் பொருள்களும் உண்டாகின்றன. இவற்றுள் முதலாவது ஆசிரியர்களுக்குப் பழக்கமானதே. உயிரியல் கூடத்தில் தவளையையும் பாம்பையும் கெடாமல் வைத்திருக்கும் ஜாடிகளில் உள்ள பார்மலின், பார்மால்டிஹைடு நீரில் கரைந்த கரைசலே. உயிரணுக்களிலுள்ள புரதங்களைப் பிணைத்து இறுகச் செய்யும் அதன் தன்மையே இறந்த உடலைக் கெடாமல் காக்கிறது. அத்தன்மை உயிருள்ள சவ்வுக்கு உகந்ததாக இராதென்பது வெளிப்படை. மேற்கூறிய ஆராய்ச்சி நிலையம் 2004-ஆம் ஆண்டில் பார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தியது.

அளவு பற்றிய வாதம்

இப்பொருள்கள் உண்டாகின்றன என்பதில் விஞ்ஞானிகளிடையே கருத்து வேறுபாடு இல்லை. எவ்வளவு உண்டாகின்றன என்பதிலேயே வாதம் எழுந்தது. அவ்வாதத்தை அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

அமெரிக்காவில் போர்ட்லண்டு மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் மின்னழுத்தத்தை மாற்றக்கூடிய மின்சிகரெட் ஒன்றைச் சோதித்து, 2015-ஆம் ஆண்டு தொடக்கத்தில் முடிவுகளை வெளியிட்டனர். 3.3 வோல்ட் அழுத்தத்தில் பார்மால்டிஹைடை வெளியிடும் சேர்மங்கள் புலப்படவில்லை. 5 வோல்ட் அழுத்தத்தில் அவை மிகுதியாகக் காணப்பட்டன. திரவம் ஒன்றே, சாதனமும் ஒன்றே. மாறியது உஷ்ணம் மட்டுமே.

அதே ஆண்டில் வேறு ஆராய்ச்சியாளர்கள் இதற்கு மறுப்புரைத்தனர். திரி வறண்டுபோகும் அளவுக்குச் சூடேறினால்தான் இப்பொருள்கள் பெருகுகின்றன என்றும், அந்நிலையில் கருகல் சுவை தோன்றுவதால் உபயோகிப்பவர் தாமே நிறுத்திவிடுவார் என்றும் அவர்கள் பரிசோதனை வாயிலாகக் காட்டினர்.

இவ்விரு முடிவுகளையும் ஒருங்கே நோக்கினால் உண்மை தெளிவாகும். மின்சிகரெட்டின் ஒவ்வோர் இழுப்பிலும் பார்மலின் ஜாடியைத் திறந்து முகர்வதற்கு ஒப்பான கேடு உண்டென்று கூறுவது மிகைப்பட்ட கூற்று. எவ்வகையிலும் ஒன்றும் விளைவதில்லை என்பதும் பொய்க்கூற்றே. சுருளின் உஷ்ணம், திரியின் ஈரம், திரவத்தின் சேர்க்கை, இழுப்பின் நீளம் ஆகியவற்றைப் பொறுத்து விளையும் அளவு கூடும், குறையும். இவற்றுள் எதனையும் உபயோகிப்பவர் கண்ணால் காண இயலாது. சட்டப்படி விற்பனையே இல்லாத நம் நாட்டில், கைக்கு வந்த சாதனத்தின் தரத்தை எந்த அதிகாரியும் பரிசோதித்திருக்கவும் மாட்டார்.

உண்ணத்தக்கதும் சுவாசிக்கத்தக்கதும்

மணப்பொருள்கள் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்டவை என்பது வியாபாரிகளின் மற்றொரு சமாதானம். நாம் உண்ணும் பொருள் இரைப்பையிலும் குடலிலும் பக்குவப்பட்டு, கல்லீரலைக் கடந்த பின்னரே உடல் முழுவதும் பரவுகிறது. சுவாசிக்கும் பொருளுக்கு அத்தகைய காவல் இல்லை. அது நேரே நுரையீரலின் சவ்வில் படிகிறது. எனவே, உண்பதற்கு ஏற்றது என்னும் சான்று சுவாசிப்பதற்குச் சான்றாகாது.

இதற்கு வருந்தத்தக்க உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் சோளப்பொரி தயாரிக்கும் ஆலை ஒன்றில் முன்னர் வேலை செய்த 8 பேருக்கு, மிகச் சிறிய சுவாசக்குழாய்கள் தழும்பேறி அடைபடும் கடுமையான நோய் கண்டிருப்பது 2000-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. வெண்ணெய் மணத்துக்காகச் சேர்க்கப்பட்ட டைஅசிட்டைல் என்னும் பொருளின் ஆவியை நாள்தோறும் அவர்கள் சுவாசித்ததே அதற்குக் காரணமென ஆராய்ச்சிகள் சுட்டின. வெண்ணெயிலேயே இயற்கையாக அமைந்துள்ள பொருள் அது. பொரியைத் தின்றவர்களுக்கு அந்நோய் வரவில்லை.

ஹார்வார்டு பல்கலைக்கழகத்தார் மணமூட்டிய 51 வகை மின்சிகரெட் திரவங்களைச் சோதித்து 2015-ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டனர். டைஅசிட்டைல் 39 வகைகளில் காணப்பட்டது. அதுவோ, அதனோடு தொடர்புடைய வேறிரு பொருள்களுள் ஒன்றோ 47 வகைகளில் காணப்பட்டது. இதனைக் கொண்டு மின்சிகரெட் பிடிப்போர் யாவருக்கும் ஆலைத் தொழிலாளரின் நோய் வருமென்று முடிவுகட்டுவது முறையன்று. புகையிலைச் சிகரெட்டின் புகையிலும் டைஅசிட்டைல் உண்டு. இங்கு கொள்ளத்தக்க பாடம், ‘உணவுப்பொருள்’ என்னும் சொல் நுரையீரலுக்கு உத்தரவாதம் தருவதில்லை என்பதே.

இலவங்கப்பட்டையின் மணத்துக்குக் காரணமான சின்னமால்டிஹைடு, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த சுவாசக்குழாய் உயிரணுக்களின் மயிரிழை அசைவை மந்தப்படுத்தியதும் கண்டறியப்பட்டுள்ளது. மேலும், வனிலா, இலவங்கப்பட்டை முதலிய மணப்பொருள்கள் புரோப்பிலீன் கிளைகாலுடன் கலந்து புட்டியில் இருக்கும்போதே அசிட்டல் எனப்படும் புதிய சேர்மங்கள் உண்டாகின்றன என்று 2018-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டினர். ஆகவே, திரவம் தயாரித்த நாளில் எழுதிய பட்டியல், சில நாள் கழித்துப் புட்டியில் இருப்பதைக்கூட முழுமையாகக் கூறுவதில்லை.

கம்பிச்சுருளிலிருந்து வரும் உலோகங்கள்

சூடேறும் சுருள் பெரும்பாலும் நிக்கல், குரோமியம், இரும்பு முதலியவை கலந்த உலோகக் கலவையாலானது. மீண்டும் மீண்டும் சூடேறிக் குளிரும் கம்பியிலிருந்தும் அதன் இணைப்புகளிலிருந்தும் உலோகத் துணுக்குகள் திரவத்தில் சேர்கின்றன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், நாள்தோறும் மின்சிகரெட் உபயோகித்த 56 பேரின் சாதனங்களைச் சோதித்து 2018-ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். புட்டியில் இருந்த திரவத்தையும், சுருளோடு தொடர்பு கொண்ட திரவத்தையும், வெளிவந்த நுண்துளி மூட்டத்தையும் தனித்தனியே அளந்தனர். ஈயம், நிக்கல், குரோமியம், மாங்கனீஸ் ஆகியவை சுருளைத் தொட்டபின் எடுத்த மாதிரிகளில் வெகுவாக மிகுந்திருந்தன. இங்கும் நமது முதற் கருத்தே உறுதிப்படுகிறது: புட்டியைச் சோதிப்பது போதாது, வாய்க்குள் செல்வதைச் சோதிக்க வேண்டும்.

2019-ஆம் ஆண்டின் எச்சரிக்கை

2019-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் மூச்சுத்திணறலுடன் இளைஞர் பலர் மருத்துவமனைகளில் சேரலாயினர். யாவரும் மின்சிகரெட் அல்லது அதனை ஒத்த சாதனங்களை உபயோகித்தவர்கள். 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தோ இறந்தோ போயினர் என்றும், அவர்களுள் 68 பேரின் மரணம் உறுதி செய்யப்பட்டதென்றும் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் அறிவித்தது.

நுரையீரலைக் கழுவி எடுத்த திரவத்தைச் சோதித்ததில், 51 நோயாளிகளுள் 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிட்டேட் காணப்பட்டது. கஞ்சாச் சத்து சேர்ந்த கள்ளச்சந்தைத் திரவங்களைக் கெட்டியாகக் காட்டுவதற்காக அது கலக்கப்பட்டிருந்தது. சாதாரண நிகோட்டின் திரவமே இதற்குக் காரணமென்று கூறுவது சரியாகாது. ஆனால் வைட்டமின் ஈ அசிட்டேட் என்பது மாத்திரைகளிலும் முகப்பூச்சுகளிலும் சேரும் எளிய பொருள் என்பதைக் கருத வேண்டும். அதனைச் சூடாக்கினால் கீட்டீன் என்னும் நச்சு வாயு உண்டாகக்கூடும் என்பது பின்னர் இரசாயனப் பரிசோதனையால் புலனாயிற்று. விழுங்குவதற்கும் பூசுவதற்கும் ஏற்ற பொருள், சூடேறி நுரையீரலை அடைந்தபோது உயிருக்கே உலையாயிற்று.

நிகோட்டினின் பங்கு

நிகோட்டின் உஷ்ணத்தில் விளைவதன்று, திரவத்திலேயே சேர்க்கப்படுவது. எனினும் மேற்கூறிய பொருள்களை நாள்தோறும் நூற்றுக்கணக்கான தடவை உள்ளிழுக்கும்படி செய்வது அதுவே. முற்காலத்தில் அசுவினி முதலிய பூச்சிகளை ஒழிக்க நிகோட்டின் சல்பேட் தெளிக்கப்பட்டதை விவசாய ஊழியர்கள் அறிந்திருப்பர். இப்போதைய திரவங்கள் பலவற்றில் நிகோட்டினை பென்சாயிக் அமிலம் போன்றதோர் அமிலத்துடன் சேர்த்து உப்பாக மாற்றுகின்றனர். இதனால் தொண்டைக் கமறல் குறைகிறது. புதிதாகப் பழகும் சிறுவனும் இருமாமல் அதிக அளவு உள்ளிழுக்க முடிகிறது. மூளை வளர்ச்சி நிறைவுறாத இளம் வயதில் நிகோட்டின் கவனத்தையும் கற்றலையும் பாதிப்பதோடு, விட இயலாத பழக்கமாகவும் வேரூன்றுகிறது.

சிகரெட்டோடு ஒப்பிடலாமா?

எரியும் சிகரெட்டின் நுனி, புகையை இழுக்கும்போது சுமார் 900 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தை எட்டுகிறது. அப்புகையில் 7,000-க்கு மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோய் விளைவிப்பவை. மின்சிகரெட்டில் எரிதல் இல்லை. அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகங்கள் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, நிகோட்டின் நீங்கலான நச்சுப் பொருள்களின் அளவு எரியும் சிகரெட்டைவிட மின்சிகரெட்டில் கணிசமாகக் குறைவு என்று கூறுகிறது. பெரும்பாலான மின்சிகரெட்டுகள் நஞ்சாகக்கூடிய பொருள்கள் பலவற்றை வெளியிடுகின்றன என்பதையும் அதே அறிக்கை ஐயத்துக்கிடமின்றி உரைக்கிறது. இரண்டையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பிரிட்டனில் புகைப்பழக்கத்தை விட விரும்புவோருக்கு உதவும் சாதனமாக இதனைக் கருதுகின்றனர். அங்கு நடந்து 2019-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், ஓராண்டு முடிவில் மின்சிகரெட் பெற்றவர்களுள் 18 சதவிகிதத்தினரும், நிகோட்டின் மெல்பசை, ஒட்டுப்பட்டை முதலியவை பெற்றவர்களுள் 9.9 சதவிகிதத்தினரும் சிகரெட்டை விட்டிருந்தனர். ஆனால் அவ்வாறு விட்டவர்களுள், மின்சிகரெட் பெற்றவர்களில் 80 சதவிகிதத்தினர் ஓராண்டுக்குப் பின்னும் மின்சிகரெட்டை விடவில்லை. மற்றப் பிரிவில் 9 சதவிகிதத்தினரே தமக்களிக்கப்பட்ட சாதனத்தைத் தொடர்ந்தனர்.

ஒப்பீடு என்பது எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. நாற்பது ஆண்டு பீடி குடித்தவருக்கு ஒப்புநிலை பீடிப்புகை. ஒருபோதும் புகைக்காத பதின்மூன்று வயது மாணவனுக்கு ஒப்புநிலை சுத்தமான காற்று. ‘சிகரெட்டைவிடக் குறைந்த தீங்கு’ என்னும் வாக்கியம் அம்மாணவனுக்கு எவ்வகையிலும் பொருந்தாது. பீடி குடிக்கும் பெரியவருக்கோ, அவர் கேட்கும் சாதனம் நம் நாட்டில் சட்டப்படி கிடைப்பதன்று. கிடைப்பதன் உட்பொருள் யாதென்று எவரும் அறியார். மெல்பசை முதலிய மருந்து முறைகளும் ஆலோசனையும் அவருக்கு உண்டு. 2016-17-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 28.6 சதவிகிதத்தினர் ஏதேனுமொரு விதத்தில் புகையிலையை உபயோகித்தனர். இத்தனை பேரில் விட விரும்பும் ஒருவர் கேள்வி கேட்டு வரும்போது, ‘கூடாது’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது ஊழியரின் கடமையை நிறைவேற்றியதாகாது.

சட்டத்தின் நிலை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் முழுத் தடையைப் பரிந்துரைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அவசரச் சட்டமும், டிசம்பரில் பாராளுமன்றத்தின் சட்டமும் பிறந்தன. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, விநியோகம், விளம்பரம் ஆகியவை முதன்முறை ஓராண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றங்கள். மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சேமித்து வைப்பதற்கு ஆறு மாதம் வரை சிறையோ, 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். புகையிலையை எரிக்காமல் சூடாக்கும் சாதனங்களும் மின்ஹூக்காவும் இத்தடைக்குள் அடங்கும். சட்டம் பெயர் கூறும் செயல்களில் பெரும்பாலானவை வியாபாரச் செயல்கள் என்பதை ஆசிரியர்கள் நினைவிற்கொள்ளல் நன்று. ஏமாந்த மாணவனைத் திருத்துவதும், அவனுக்கு விற்றவனைத் தேடுவதும் வெவ்வேறு காரியங்கள்.

ஆசிரியர்களும் ஊழியர்களும் செய்யத்தக்கவை

முதலாவது, மிகைப்படுத்தாமை. ஒரே இழுப்பில் நுரையீரல் அழிந்துவிடும் என்று மாணவனிடம் கூறினால், இழுத்தும் நலமாயிருக்கும் நண்பனைக் கண்டதும் ஆசிரியர் கூறிய மற்ற யாவற்றையும் அவன் பொய்யெனத் தள்ளிவிடுவான். பல்லாண்டு உபயோகத்தின் விளைவுகள் முழுமையாகப் புலப்படுவதற்கு வேண்டிய காலம் இன்னும் கடந்துவிடவில்லை. தீங்கு இல்லை என்பதற்கு இது சான்றாகாதென்று விளக்குக.

இரண்டாவது, புட்டிக்கும் மூட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடமாக்குக. காய்ந்த எண்ணெயின் புகை, அக்ரோலீன் கணக்கு, கெண்டி மூக்கின் ஆவி, பார்மலின் ஜாடி ஆகிய நான்குமே போதும். மின்சிகரெட்டை வகுப்பில் இயக்கிக் காட்டுதல் ஒருபோதும் கூடாது.

மூன்றாவது, கண்டெடுத்த சாதனத்தை எச்சரிக்கையுடன் கையாள்க. திரவம் தோலில் பட்டால் நிகோட்டின் உடலுக்குள் ஊறும். உடனே சோப்பும் நீரும் கொண்டு கழுவுக. சிறு குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. லித்தியம் பாட்டரி உள்ளதால் சாதனத்தை நெருப்பிலோ குப்பைத்தொட்டியிலோ எறியாதீர்.

நான்காவது, விட விரும்புவோருக்கு வழி காட்டுக. 1800-11-2356 என்னும் தேசியப் புகையிலை நிறுத்த உதவித் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். மாணவனாயின் அவனைப் பலர் முன்னிலையில் அவமதியாமல், பெற்றோருடன் தனியே அமர்ந்து பேசுக.

மின்சிகரெட்டின் திரவப் புட்டியில் எழுதியிருப்பது சமைப்பதற்கு முந்திய சாமான் பட்டியலே. சமைத்தபின் கலத்தில் இருப்பது வேறு. இந்த ஒன்றை மாணவன் தன் அறிவினாலேயே உணருமாறு செய்துவிட்டால், “வெறும் பழவாசனைதானே?” என்று மறுமுறை எவரேனும் அவனிடம் நீட்டும்போது விடை கூற ஆசிரியர் அருகில் இருக்க வேண்டியதில்லை, அவனே கூறுவான்.

வகுப்பிலும் ஊழியர் கூட்டத்திலும் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. கிளிசரினிலிருந்து அக்ரோலீன் விளைவதை அணுக்கணக்கால் காட்டுக. திரவத்தின் பட்டியலில் அக்ரோலீன் இல்லாதது ஏன்?

2. உண்பதற்கு ஏற்ற பொருள் சுவாசிப்பதற்கு ஏற்றதாகாமைக்கு இரு உதாரணங்கள் தருக.

3. 2015-ஆம் ஆண்டின் இரு பரிசோதனைகளும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றனவா? உமது விடைக்குக் காரணம் கூறுக.

4. பீடியை விட விரும்பும் பெரியவர் ஒருவர் மின்சிகரெட்டைப் பற்றிக் கேட்டால் நீர் கூறும் விடை யாது?